'அவுட்புட் கேரண்டி' ப்ராஜெக்டும் எரியாத எல்.இ.டி.யும்

இன்ஜினியரிங் கல்லூரி இருக்கிற எந்த ஊருக்கு வேண்டுமானாலும் டிசம்பர், ஜனவரி வாக்கில் போய்ப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டு சுவர், ஜெராக்ஸ் கடை வாசல், மேன்ஷன் மாடிப்படி என்று எங்கு திரும்பினாலும் ஒரே மாதிரி போஸ்டர்தான். 'இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்து தரப்படும். ரிப்போர்ட் உண்டு. வைவா பயிற்சி உண்டு. அவுட்புட் கேரண்டி.' போன் நம்பர் மட்டும்தான் ஊருக்கு ஊர் மாறும்.

அந்த போஸ்டரில் இருக்கிற மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம். ரிப்போர்ட்டை ஒழுங்காக டைப் அடிக்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கு வைவா பயிற்சி தேவைப்படலாம். ஆனால் கடைசியாக வருகிறதே 'அவுட்புட் கேரண்டி', அதுதான் விஷம். கட்டிய சர்க்யூட் வேலை செய்யாமல் போய், ஏன் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டு தேடிக் கண்டுபிடிக்கிற அனுபவம் ஒன்றுதான் எலெக்ட்ரானிக்ஸ் படிப்பில் வேறு எங்கும் கிடைக்காதது. அதைத்தான் அந்த இரண்டு வார்த்தைகளும் காசு வாங்கிக்கொண்டு பறித்துவிடுகின்றன.

நடப்பது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். நாலு பேர் சேர்ந்து ஒரு பேட்ச். ஆளுக்கு இவ்வளவு என்று காசு பிரித்துக்கொள்வார்கள். ப்ராஜெக்ட் சென்டரில் ஒரு பட்டியல் நீட்டுவார்கள். செல்போனில் இருந்து வயல் மோட்டாரைப் போடுவது, தானாக மூடும் ரயில்வே கேட், கை தட்டினால் எரியும் விளக்கு, பார்வையற்றவர்களுக்கு ஊன்றுகோல்... சீனியர்கள் வாங்கிய அதே பட்டியல்தான், தலைப்பில் மட்டும் 'ஸ்மார்ட்' என்றும் 'ஐ.ஓ.டி.' என்றும் புதிதாக ஒட்டியிருக்கும். மூன்று மாதம் கழித்துப் போனால் ஒரு அட்டைப்பெட்டி கிடைக்கும். கூடவே அரை மணி நேர விளக்கம். அதைப் போனில் ரெக்கார்டு செய்துகொண்டு வந்து வைவாவுக்கு முதல் நாள் ராத்திரி மனப்பாடம் செய்தால் வேலை முடிந்தது.

அந்த ஊன்றுகோலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒலி அலையை அனுப்பி, எதிரொலி திரும்பி வர ஆகும் நேரத்தை அளக்கிற சென்சார் இருக்கும். நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி, 2-ஆல் வகுத்தால் தூரம் வந்துவிடும். 'ஏம்மா 2-ஆல் வகுக்கிறீங்க?' என்று எக்ஸ்டர்னல் கேட்டால் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். போய்த் திரும்பி வருவதால் தூரம் இரண்டு மடங்கு ஆகிறது என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அது நாலு பேருக்கும்கூடத் தெரியும்தான். ஆனால் கையில் இருக்கும் பெட்டிக்கும் தங்களுக்குத் தெரிந்ததற்கும் சம்பந்தம் உண்டு என்று அவர்களுக்குத் தோன்றியதே இல்லை. அடுத்தவன் செய்த பெட்டிக்குள் ஏன் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ப்ராஜெக்ட் சென்டரின் பின்னறையில் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். பெரும்பாலும் டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோ முடித்தவன். கையில் சால்டரிங் அயர்ன், மேஜையில் ஓட்டை மல்டிமீட்டர். ஒரு சீசனில் இருபது முப்பது போர்டு கட்டுவான். எது புகையும், எது சுடும், எந்த ஜாயின்ட் விட்டுப்போகும் என்று அவனுக்கு அத்துப்படி. ஆக, ப்ராஜெக்ட் செய்தவன் அவன். கற்றுக்கொண்டவனும் அவன்தான். காசும் கொடுத்து, கற்றுக்கொள்ளும் வாய்ப்பையும் அவனிடமே கொடுத்துவிட்டுப் பட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள் நம் இன்ஜினியர்கள். அந்தப் பையன் மேல் குற்றமே இல்லை. சொல்லப்போனால் அந்தக் கூட்டத்திலேயே நேர்மையாக வேலை செய்தவன் அவன் ஒருவன்தான்.

வியாதி ஆரம்பிப்பது லேபில்

நாலாவது வருடத்தில் திடீரென்று யாரும் இப்படி ஆகிவிடுவதில்லை. முதல் வருட லேபிலேயே பயிற்சி ஆரம்பமாகிவிடுகிறது. அவுட்புட் வரவில்லையா? 'சி.ஆர்.ஓ. சரியில்ல, பக்கத்து டேபிள் ரீடிங்கை எழுதிக்கோ.' ரீடிங் கிராஃபில் கோணலாக வருகிறதா? சீனியரின் அப்சர்வேஷன் நோட்டைப் பார்த்துப் புள்ளிகளை நேராக்கு. மாடல் கிராஃப் எப்படி இருக்கிறதோ அப்படி வந்தால்தான் கையெழுத்து.

யோசித்துப் பார்த்தால் பகீர் என்கிறது. கெப்பாசிட்டரின் மேல் போட்டிருக்கும் மதிப்பு ஒன்று, உண்மையில் இருப்பது இன்னொன்று. எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் என்றால் 20 சதவீதம் முன்பின் இருப்பது சர்வசாதாரணம். அப்படியிருக்க, அறுபது பேர் ரெக்கார்டிலும் தியரியில் வந்த அதே எண் எப்படி வரும்? வராது. வந்திருக்கிறது என்றால் அறுபது பேரும் பொய் எழுதியிருக்கிறார்கள், அதற்கு மார்க்கும் போடப்பட்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். சரியான விடையைவிட நேர்மையான ரீடிங் கேவலமானது என்று மூன்று வருடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, நாலாவது வருடம் ப்ராஜெக்டைக் கடையில் வாங்குகிறார்களே என்று அங்கலாய்ப்பதில் என்ன இருக்கிறது?

சரி, வேறென்னதான் செய்வது?

வீட்டிலேயே, சொந்தச் செலவில், மார்க்குக்காக இல்லாமல் ஒரே ஒரு சின்ன சர்க்யூட் கட்ட வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு எல்.இ.டி. அரை விநாடி எரிந்து அரை விநாடி அணைய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு 555 என்கிற எட்டுக் கால் ஐ.சி. போதும்.

'ப்பூ, இவ்வளவுதானா?' என்பவர்கள் முதலில் கட்டிக் காட்டட்டும். :-)

வேண்டியவை: ஒரு 555, ஒரு பிரெட்போர்டு, 9 வோல்ட் பேட்டரியும் அதற்கான கிளிப்பும், 1 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 470 ஓம் ரெசிஸ்டர்கள் ஒவ்வொன்று, 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ஒரு சிவப்பு எல்.இ.டி., கொஞ்சம் ஒயர். சென்னைக்காரர்களுக்கு மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெரு இருக்கிறது. பெங்களூர்க்காரர்களுக்கு எஸ்.பி. ரோடு. மற்ற ஊர்களில் டி.வி. மெக்கானிக்குகள் எந்தக் கடையில் பார்ட்ஸ் வாங்குகிறார்கள் என்று விசாரித்தால் போதும். இல்லாவிட்டால் ஆன்லைனில் வரவழைக்கலாம். ஐ.சி. சுமார் 10 ரூபாய், ரெசிஸ்டர் ஒன்று ஒரு ரூபாய் அளவில்தான். இருப்பதில் விலை கூடியது பிரெட்போர்டும், வாங்கினால் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும்தான். இரண்டும் வருடக்கணக்கில் உழைக்கும்.

இணைப்பும் சுலபம். 8-வது கால் பேட்டரி பிளஸ், 1-வது கால் மைனஸ். 4-வது காலையும் பிளஸ்ஸில் கட்டிவிட வேண்டும். 8-க்கும் 7-க்கும் நடுவே 1 கிலோ ஓம். 7-க்கும் 6-க்கும் நடுவே 68 கிலோ ஓம். 6-ம் 2-ம் ஒன்றாக. அங்கிருந்து மைனஸுக்கு 10 மைக்ரோஃபாரட், அதன் மைனஸ் கோடு மைனஸ் பக்கம். 5-ல் இருந்து மைனஸுக்கு 0.01 மைக்ரோஃபாரட். 3-வது காலில் இருந்து 470 ஓம் வழியாக எல்.இ.டி.யின் நீளக் கால், குட்டைக் கால் மைனஸுக்கு. ஒன்பது பத்து இணைப்புகள், அரை மணி நேர வேலை.

கட்டி, பேட்டரியை மாட்டினால்... பெரும்பாலும் எரியாது.

இங்கேதான் படிப்பு ஆரம்பமாகிறது. ப்ராஜெக்ட் சென்டர் கேரண்டி கொடுத்துத் தடுப்பது இந்த இடத்தைத்தான். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு வழக்கமாக வரும் சில கோளாறுகளைப் பார்த்தால் விஷயம் புரியும்.

ஒன்று. பேட்டரி சுடுகிறது, ஐ.சி. கம்மென்று இருக்கிறது. பிரெட்போர்டின் நடுவில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். ஐ.சி. அந்தப் பள்ளத்தின் மேல் கால் பரப்பி உட்கார வேண்டும். அது தெரியாமல் ஒரு பக்கமாகவே குத்திவிட்டால் எதிரெதிர்க் கால்கள் ஒன்றோடொன்று இணைந்துவிடும். 555-ல் 1-க்கு நேர் எதிர் 8. அதாவது மைனஸும் பிளஸ்ஸும் நேரடியாக ஷார்ட்! 'ஷார்ட் சர்க்யூட்' என்ற வார்த்தையைப் பத்தாம் வகுப்பிலிருந்து எழுதி எழுதி மார்க் வாங்கியவர்களுக்கு, அது உள்ளங்கையில் சூடாக உறைக்கும் முதல் தருணம் அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டு. எல்.இ.டி. எரிகிறது, ஆனால் மின்னவே இல்லை, நிலையாக நிற்கிறது. ஐ.சி. போய்விட்டது என்று தூக்கிப்போடுவதற்கு முன்னால் ரெசிஸ்டரைப் பார்க்க வேண்டும். 68 கிலோ ஓமின் நிறங்கள் நீலம், சாம்பல், ஆரஞ்சு. 680 ஓமின் நிறங்கள் நீலம், சாம்பல், பிரவுன். டியூப்லைட் வெளிச்சத்தில் ஆரஞ்சும் பிரவுனும் ஒன்று போலவே தெரியும். 680-ஐப் போட்டுவிட்டால் எல்.இ.டி. விநாடிக்குச் சுமார் 60 தடவை மின்னும். கண்ணுக்கு அது நிலையான வெளிச்சம்தான். விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் போர்டைக் கையில் எடுத்து வேகமாக இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள். ஒரே கோடாகத் தெரிய வேண்டிய சிவப்பு, துண்டு துண்டாகத் தெரியும். தப்பாக எடுத்த ஒரு ரூபாய் ரெசிஸ்டர் கண்ணின் பார்வை நீடிப்பைப் பற்றி நடத்துகிற பாடம் இது. எந்த சிலபஸில் இந்த வரிசையில் வரும்?

மூன்று. சில நேரம் ஓடுகிறது, சில நேரம் நிற்கிறது. 4-வது காலை அந்தரத்தில் விட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அது ரீசெட் கால். எங்கும் கட்டாமல் விட்ட கால் என்றால் 'பூஜ்யம்' என்று டிஜிட்டல் வகுப்பில் தப்பாகப் புரிந்துகொண்டவர்கள் நிறைய. கட்டாத கால் பூஜ்யமும் இல்லை, ஒன்றும் இல்லை. அது ஊர்சுற்றி. பக்கத்தில் என்ன நடக்கிறதோ அதற்குத் தகுந்தாற்போல் ஆடும்.

நான்கு. எல்லாம் சரி, ஆனாலும் உயிரே இல்லை. சில பிரெட்போர்டுகளில் ஓரத்தில் ஓடும் சப்ளை வரிசை நட்டநடுவில் துண்டாகி இருக்கும். பார்த்தால் ஒரே கோடு போலவே தெரியும். மல்டிமீட்டரை வைத்து 8-வது காலில் உண்மையிலேயே 9 வோல்ட் இருக்கிறதா என்று முதலில் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். பார்க்காமல் ஐ.சி.யை மூன்று தடவை மாற்றுகிறவர்கள்தான் அதிகம். 'எதையும் மாற்றுவதற்கு முன் சப்ளையைப் பார்' என்பதைப் பேராசிரியர் நூறு தடவை சொன்னாலும் மண்டையில் ஏறாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுவதையும் தொலைத்தால் ஆயுசுக்கும் மறக்காது.

மின்ன ஆரம்பித்த பிறகு

எரிந்துவிட்டது என்றதும் மூட்டை கட்டிவிடக் கூடாது. கையில் வாட்ச் வைத்துக்கொண்டு ஐம்பது மின்னலுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ண வேண்டும். கணக்குப்படி ஒரு சுற்றுக்கு 0.95 விநாடி வர வேண்டும். 1.1 வந்தால் பதற வேண்டாம், சீனியர் நோட்டையும் தேட வேண்டாம். அந்தக் கெப்பாசிட்டர் 10 மைக்ரோஃபாரட் என்று சொல்லிக்கொண்டாலும் உண்மையில் அதைவிடக் கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடித்தது யார்? கண்டுபிடித்தவருக்கே நம்பிக்கை வராது!

அடுத்து ஒரு பழைய பேட்டரியை மாட்டிப் பார்க்க வேண்டும். 9 வோல்ட் 7 ஆகிவிட்டது. எல்.இ.டி. மங்குகிறது. ஆனால் மின்னுகிற வேகம் அநேகமாக மாறவே இல்லை. ஏன்?

555-க்குள் ஒரே மதிப்புள்ள மூன்று ரெசிஸ்டர்கள் வரிசையாக இருக்கின்றன. சப்ளையை அவை மூன்று சம பாகமாகப் பிரிக்கின்றன. கெப்பாசிட்டரின் வோல்டேஜ் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டால் ஐ.சி. அதைக் காலி செய்ய ஆரம்பிக்கும், மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கினால் மறுபடி நிரப்ப விடும். சப்ளை 9 வோல்ட் என்று வையுங்கள். கெப்பாசிட்டர் 3-ல் இருந்து 6-க்கு ஏற வேண்டும். புறப்படும்போது 9-ஐத் தொட இன்னும் 6 பாக்கி. 6-க்கு வந்து சேரும்போது பாக்கி 3. அதாவது பாக்கி சரிபாதியாகிறது. இறங்கும்போதும் 6-ல் இருந்து 3, அதுவும் சரிபாதி. சப்ளை 7 ஆனாலும் 12 ஆனாலும் பாதி பாதிதானே? அதனால்தான் பேட்டரி செத்துக்கொண்டிருந்தாலும் தாளம் தப்புவதில்லை.

அந்தப் பாதியாகும் நேரத்துக்கான சூத்திரத்தில் வருகிற எண் 0.693. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் கதிரியக்கத்தின் அரை ஆயுட்காலம் என்று மனப்பாடம் செய்த அதே 0.693தான். யுரேனியம் தேய்வதும் பத்து ரூபாய் ஐ.சி. மின்னுவதும் ஒரே கணக்கு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், இதைக் கண்ணால் பார்த்தவர்கள் அந்த எண்ணை மறக்க மாட்டார்கள்.

சொல்லப்படும் சாக்குகள்

'555 எல்லாம் தாத்தா காலத்து ஐ.சி.' என்பது முதல் சாக்கு. உண்மைதான். ஹான்ஸ் கேமன்சின்ட் என்கிற சுவிட்சர்லாந்துக்காரர் 1971-ல், அமெரிக்காவின் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்தது. 1972-ல் விற்பனைக்கு வந்தது. அப்போதே அந்த நிறுவன இன்ஜினியர்கள் சிலர், ஏற்கெனவே இருக்கிற ஐ.சி.களை வைத்தே இந்த வேலையைச் செய்யலாமே, இது எதற்கு என்றுதான் சொன்னார்கள். மனிதர் முதலில் போட்ட டிசைனில் கெப்பாசிட்டரை நிரப்ப நிலையான மின்னோட்டம் தரும் ஒரு சர்க்யூட் இருந்தது, ஒன்பது கால் தேவைப்பட்டது. பிறகுதான் அதற்கு ஒரு சாதாரண ரெசிஸ்டரே போதும் என்று அவருக்குத் தோன்றியது. ஒரு கால் மிச்சம், எட்டுக் கால் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. முதலில் சரியென்று பட்ட டிசைனையே திரும்ப உட்கார்ந்து உடைத்துப் பார்த்ததால்தான் அரை நூற்றாண்டு தாண்டியும் அந்த ஐ.சி. இன்றும் தயாராகிறது, விற்கிறது. அவருக்கு யாரும் அவுட்புட் கேரண்டி கொடுக்கவில்லை.

'ஆர்டுயினோவில் நாலு வரி எழுதினால் எல்.இ.டி. மின்னுமே' என்பது இரண்டாவது. மின்னும். ஆர்டுயினோ நல்ல சாமான்தான். 2005-ல் இத்தாலியின் இவ்ரியா ஊரில், எலெக்ட்ரானிக்ஸ் படிக்காத டிசைன் மாணவர்களும் சொந்தமாக ஏதாவது செய்து பார்க்கட்டும் என்றுதான் அதை ஆரம்பித்தார்கள். எலெக்ட்ரானிக்ஸ் தெரியாதவர்களுக்கு ஏணியாகச் செய்ததை, எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவர்கள் போர்வையாகப் போர்த்திக்கொண்டால் எப்படி? ஆர்டுயினோ ஊனோவின் ஒரு காலில் இருந்து 20 மில்லிஆம்பியருக்கு மேல் இழுப்பது நல்லதல்ல, 40-ஐத் தாண்டவே கூடாது. சாதாரண 5 வோல்ட் ரிலேயின் சுருள் 70 அளவுக்கு இழுக்கும். நடுவில் ஒரு டிரான்சிஸ்டரும், சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடும் ஏன் வேண்டும் என்று தெரியாமல் நேராக மாட்டினால் போர்டு மேலுலகம் போகும். நிரலில் ஒரு பிழையும் இருக்காது. இப்போது கேட்டால் நிரலை எழுதிக் கொடுக்க செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. ஆனால் மேஜை மேல் இருக்கும் ஒயர் லூசாக இருப்பதை மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான் ஆட்டிப் பார்க்க வேண்டும்.

'சிமுலேஷன் செய்துவிட்டோமே' என்பது மூன்றாவது. ஸ்பைஸ் என்கிற சிமுலேட்டர் 1970-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவானது. ஐ.சி.க்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்களைத் தனித்தனியாகக் கழற்றி மாட்டிப் பார்க்க முடியாது என்பதால் அந்த வேலைக்கு அது வரப்பிரசாதம். ஆனால் சிமுலேட்டரில் நீங்களாகச் சொன்னால் ஒழிய கெப்பாசிட்டர் 20 சதவீதம் தப்பாக இருக்காது. சப்ளை வரிசை நடுவில் துண்டாகாது. ஆரஞ்சு பிரவுனாகத் தெரியாது. நீச்சலுக்கு சினிமா பார்த்துவிட்டுக் கிணற்றில் குதிக்கிற கதைதான்.

'எப்படியும் சாஃப்ட்வேர் வேலைக்குத்தானே போகப் போகிறோம்' என்பது நாலாவது, எல்லோரும் ரகசியமாக நம்புவது. போங்கள், தப்பே இல்லை. அங்கே போனால் என்ன வேலை? யாரோ எழுதிய நிரல் எங்கோ உதைக்கிறது, எங்கே என்று தேடு. முதலில் அடிப்படை சரியா என்று பார்ப்பது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, பாதை நடுவில் தொட்டுப் பார்த்து கோளாறு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பிரிப்பது. பிரெட்போர்டில் எரியாத எல்.இ.டி.யைத் தேடியவர் செய்ததும் இதே மூன்றுதான். தேடத் தெரிந்தவருக்கு எங்கு போனாலும் வேலை இருக்கிறது. ரெஸ்யூமேயில் போட்ட ப்ராஜெக்டைப் பற்றி இரண்டாவது கேள்வியிலேயே விழிக்கிறவருக்கு எங்கு போனாலும் கஷ்டம்தான்.

நேரமில்லை என்பது ஐந்தாவது. இதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை. போனில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று அந்தப் போனே கணக்கு சொல்லும்.

ஒரு சாக்கு மட்டும் நியாயமானது. பேட்ச் பிரியும்போது 'ஹார்டுவேரைப் பசங்க பார்த்துக்கறோம், நீங்க ரிப்போர்ட், பி.பி.டி. பார்த்துக்கங்க' என்று மாணவிகளிடம் சொல்வது பழகிப்போயிருக்கிறது. அங்கேயும் பசங்க பார்த்துக்கொள்வது கடைக்குப் போய்ப் பெட்டி வாங்குவதைத்தான் என்பது வேறு விஷயம். வீட்டிலும் சால்டரிங் அயர்ன் தம்பி கைக்குத்தான் போகும், அக்கா தொட்டால் 'கையைச் சுட்டுக்கப் போறே' என்பார்கள். தினமும் அடுப்பில் வேலை செய்கிற கை சால்டரிங் அயர்னில் சுட்டுக்கொள்ளுமாம்! நாலு வருடம் ரிப்போர்ட் மட்டும் எழுதிய பெண்ணிடம் 'உனக்கு ஹார்டுவேர் வராது' என்று சொல்வதைப் போன்ற அநியாயம் வேறில்லை. ஆனால் பிரெட்போர்டுக்கு அயர்னே தேவையில்லை. ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்தே கட்டலாம். யாரிடமும் அனுமதி கேட்கவும் வேண்டாம்.

கொஞ்சம் எச்சரிக்கை

ஆர்வக்கோளாறில் யாரும் நேராக 230 வோல்ட்டில் கை வைக்கக் கூடாது. முதல் சில மாதங்களுக்கு பேட்டரியோ, நல்ல தரமான 5 வோல்ட் சார்ஜரோ போதும், 555 இரண்டிலும் ஓடும். பிறகு சால்டரிங் பழகும்போது 25 வாட் அயர்ன் போதுமானது. ஈயத்தை அயர்ன் முனையில் உருக்கித் தடவக் கூடாது. கம்பிக்காலையும் போர்டின் செம்பையும் ஒன்றாகச் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயம் தானாக உருகி ஓட வேண்டும். மங்கலாக, உருண்டையாக நின்றால் அது விட்டுப்போகும் ஜாயின்ட். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளவும். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் முறுக்குத் தட்டில் கை விட வேண்டாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மாணவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. ஓடுகிற ப்ராஜெக்டுக்கு மட்டும்தான் மார்க் என்று இருக்கும்வரை, ஓடுவதாக கேரண்டி கொடுக்கிற கடைக்குக் கூட்டம் போகத்தான் செய்யும். ஓடாத ஒன்றைச் சொந்தமாகக் கட்டிக்கொண்டு வந்து, எங்கே நிற்கிறது, எதையெல்லாம் சோதித்தோம் என்று சொல்கிற மாணவிக்கு 50 மார்க்கும், வாங்கிக்கொண்டு வந்த பளபளப்புப் பெட்டிக்கு 95 மார்க்கும் போடுகிறவர்தான் அந்த போஸ்டரை ஒட்டச் சொல்கிறவர். பசையை மட்டும்தான் கடைக்காரர் போடுகிறார்.

இதை மாற்றப் புது சிலபஸ் வேண்டாம், கமிட்டி வேண்டாம். வைவா அன்றைக்கு எக்ஸ்டர்னல் ஒரே ஒரு காரியம் செய்தால் போதும். மாணவர்கள் கண்ணில் படாமல், போர்டுக்குச் சேதம் வராத ஏதாவது ஒரு சிக்னல் ஒயரை மட்டும் உருவிவிட்டு, பெட்டியை அவர்களிடம் கொடுத்து, 'பத்து நிமிஷம் டைம். ஓட வையுங்க' என்று சொல்ல வேண்டும். சொந்தமாகக் கட்டியவர்கள் அதை இருபது தடவை ஏற்கெனவே செய்திருப்பார்கள், சிரித்துக்கொண்டே சொருகிவிடுவார்கள். வாங்கிக்கொண்டு வந்தவர்கள் ப்ராஜெக்ட் சென்டருக்குப் போன் போடுவார்கள். மார்க் போடுவதற்கு அதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்?

அடுத்த வருட பேட்ச்களில் இருப்பவர்கள் எக்ஸ்டர்னல் மாறுவார் என்று காத்திருக்கத் தேவையில்லை. இந்தச் சனிக்கிழமையே பார்ட்ஸ் வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை கட்டலாம். எல்.இ.டி. உடனே எரிந்துவிட்டால் கொஞ்சம் துரதிர்ஷ்டம்தான், எதையாவது பிடுங்கிவிட்டு என்ன ஆகிறது என்று பாருங்கள். எரியவில்லை என்றால் முதலில் 8-வது காலில் சப்ளை வருகிறதா என்று பாருங்கள்.